கீழ்த்தட்டு, நடுவில், ஜன்னல் இல்லாமல்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
பென்னட்டின் டிராவல்ஸில்
ஏசிக்கு நேர் எதிரே எங்களை உட்காரவைத்து
கப்பலை மேசையில் விரித்தான்,
பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு படமாக.
நெடுக வகிர்ந்த நெய்மீன் மாதிரி இருந்தது.
முள் கிடக்கிற இடத்தில் நடைபாதை,
இருபுறமும் சதை சதையாய் அறைகள்.

"பால்கனி எடுங்கம்மா. கதவைத் திறந்தா கடல்.
காலையில காப்பி குடிச்சிட்டே பாக்கலாம்."

இனயத்தில் எங்கள் வீட்டுக்கு
ஆனி பிறந்தால் கடல் கதவைத் தட்டாமல் வரும்.
முழங்கால் தண்ணீரில் நின்று
கேஸ் சிலிண்டரைக் கட்டிலில் ஏற்றியவள் நான்.
காப்பியில் உப்புக் கரித்த காலைகள் உண்டு.
இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை.
பையன் நல்லவன்; டை வேறு கட்டியிருந்தான்.

முப்பத்தோரு வருஷம்
தங்கலுக்குப் போனவருக்குப் பெஞ்சாதி.
ஜன்னல் எனக்குக் காட்சி இல்லை, வேலை.
மீன் கழுவும்போது ஒரு கண்,
பிள்ளைக்குத் தலை பின்னும்போது ஒரு கண்.
ஒரு கார்த்திகையில் காற்று அடித்து ஓய்ந்த பிறகும்
போட்டு வராத ஒன்பது நாள்
கம்பியைப் பிடித்தபடி நின்றதில்
உள்ளங்கையில் துரு ஏறியது.
கழுவினேன், போய்விட்டது.
அந்த ஜன்னலை மட்டும்
அதற்குப் பிறகு நான் துடைத்ததில்லை.

விலைப்பட்டியலின் கடைசி வரியில் விரல் வைத்தேன்.

"அது உள்ளறை அம்மா. ஜன்னல் கிடையாது.
லைட்டை அணைச்சா
பகலா ராத்திரியான்னே தெரியாது."

"அதுதான்" என்றேன்.

"பணத்தைப் பாக்காதீங்க,
ஜெஸ்லின் அக்கா பால்கனிக்குத்தான் அனுப்பியிருக்காங்க."

குவைத்தில் ராத்திரி ஷிப்டு பார்க்கிற என் மகள்
எங்களுக்கு வாங்கித் தர ஆசைப்பட்டது
நான் பார்த்து முடித்த ஒன்றை.

அதுவரை இவர் வாய் திறக்கவில்லை.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
படத்துக்குள் எதையோ துழாவிக்கொண்டிருந்தார்.
பிறகு கேட்டார்:
"இன்ஜின் எங்க கிடக்கு மக்கா?"

"சத்தமே கேக்காத ரூமா பாத்துத் தாறேன் அண்ணாச்சி."

"கேக்கணும்."

கரையோடு ஆகி இரண்டு வருஷம்.
ராத்திரி கரண்டு போய் ஃபேன் நின்றால்
திடுக்கென்று எழுந்து
பாதத்தைத் தரையில் பதித்து அதிர்வு தேடுவார்.
ஆழக்கடலில் இன்ஜின் அடங்கிய இரவுகளை
வாயால் எனக்குச் சொன்னதில்லை,
அந்தப் பாதங்கள்தான் சொல்லியிருக்கின்றன.

இரண்டு பேரும் இரண்டு வழியாக நடந்து
ஒரே கதவில் போய் முட்டினோம்.
இருப்பதிலேயே மலிவானது அது.
கருமிகள் என்று பென்னட் நினைத்துக்கொண்டான்,
முகத்தில் தெரிந்தது. போகட்டும்.
இவர் நகத்தால் படத்தில் படி எண்ணினார்,
அறையிலிருந்து உயிர்காப்புப் படகு வரைக்கும்.
"பெரிய போட்டும் போட்டுதான்" என்றார் என் காதருகே.

கருங்கல் பஸ்ஸில்
ஜன்னலோரம் எனக்குத்தான் வேண்டும் என்றேன்.
வாழைத்தோட்டம் பார்க்க எனக்குப் பிடிக்கும்.
பாதி வழியில் ஜெஸ்லின் கூப்பிட்டாள்.
"பால்கனி எல்லாம் தீந்துபோச்சு மோளே."
"ச்சே" என்றாள்.
அப்புறம், "போட்டோவாவது எடுத்து அனுப்புங்க."

எதை எடுப்பது?

கொச்சியில் ஏறி, மினிக்காய்க்கு மேற்கே
இவர் சூரைக்கு வலை விட்ட தண்ணீரின் மேல்
நல்ல நடுப்பகலில் விளக்கை அணைப்போம்.
அவருக்கு இன்ஜின். எனக்கு இருட்டு.
வெளியே கடல்
கப்பலைச் சுற்றிச் சுற்றி வந்து
ஒவ்வொரு கண்ணாடியாக எட்டிப் பார்க்கட்டும்,
எங்கே போனார்கள் இவர்கள் என்று.

இந்த ஒரு தடவை
அது காத்துக் கிடக்கட்டும்.